பிக்கப் முன் சக்கரத்தில் கர கர சத்தம், பிரேக் அடித்தால் வலது பக்கம் இழுக்கிறது: பேட் மட்டும் மாற்றினால் போதுமா?

அத்திப்பள்ளி லோடு வண்டி:
எல்லோருக்கும் வணக்கம். 2019 மாடல் பொலேரோ பிக்கப், சொந்த வண்டி, நானே ஓட்டுகிறேன். ஓசூர் பக்கத்திலிருந்து தக்காளி, கோஸ், முள்ளங்கி ஏற்றி விடியற்காலையில் பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் இறக்குவேன், திரும்பும்போது பெரும்பாலும் காலி வண்டி. கொஞ்ச நாளாக முன்பக்க இடது சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கீச் என்று சத்தம். இப்போது அந்தக் கீச் நின்றுவிட்டது, அதற்குப் பதிலாக இரும்பை இரும்பு உரசுகிற கர கர சத்தம், பெடலிலும் அதிர்வு தெரிகிறது. அழுத்திப் பிடித்தால் ஸ்டியரிங் வலது பக்கம் இழுக்கிறது. பெடலும் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது. பொம்மனஹள்ளியில் ஒரு பட்டறையில் காட்டினேன், சக்கரத்தைக் கழற்றவே இல்லை, வீல் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு "பரவாகில்ல சார், பேட் இன்னூ இதெ, ஓடுத்தெ" (பரவாயில்லை, பேட் இன்னும் இருக்கிறது, ஓடும்) என்று கன்னடத்தில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. முன் பேட் மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா, நானே மாற்றலாமா, பின்னால் டிரம்மையும் திறந்து பார்க்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பீன்யா பட்டறை:
தம்பி, முதலில் லோடு ஏற்றுவதை நிறுத்துங்கள். கீச் நின்று கர கர வந்திருக்கிறது என்றால் நல்லதாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. பல பேட்களில் ஓரமாக ஒரு சின்னத் தகடு இருக்கும், பேட் ஏறக்குறைய 2 எம்எம்முக்குத் தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு கீச் கீச் என்று கத்தும். அதுதான் எச்சரிக்கை. அதையும் தாண்டி ஓட்டினால் பேட்டில் இருக்கிற மருந்து (உரசிப் பிடிக்கிற பொருள்) முழுக்கப் போய், பின்னால் இருக்கிற இரும்பு பிளேட் டிஸ்க்கைச் சுரண்ட ஆரம்பிக்கும். இப்போது கேட்கிறது அந்தச் சத்தம்தான்.

வெளியிலிருந்து டார்ச் அடித்தால் தெரிவது வெளிப்பக்க பேட் மட்டும். அது பாதி இருக்கும்போதே உள்பக்க பேட் காலியாகியிருக்கலாம். நம் பிக்கப்களில் முன்னால் இருப்பது பெரும்பாலும் நகரும் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு சேர்த்துக் கவ்வுகிற பாகம்). பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான், அது உள் பேட்டை அழுத்தும், அந்த எதிர்விசையில் காலிப்பர் மொத்தமாக நகர்ந்து வெளி பேட்டை இழுத்துப் பிடிக்கும். அது நகர்வது இரண்டு பின்களின் (உருண்டை இரும்புத் தண்டுகளின்) மேல். அந்தப் பின்னுக்குள் தண்ணீர் போய்த் துரு பிடித்தால் காலிப்பர் நகராது, உள் பேட் மட்டும் தனியாக வேலை செய்து தனியாகத் தேயும். நீங்கள் சொல்கிற "வலது பக்கம் இழுக்கிறது" என்பதும் இதோடு ஒத்துப்போகிறது. இடது சக்கரம் சரியாகப் பிடிக்காதபோது வலது சக்கரம் மட்டும் பிடிக்கும், வண்டி பிடிக்கிற பக்கம் திரும்பும். அதற்கு முன் இரண்டு முன் டயரிலும் காற்று சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், அதனாலும் இழுக்கும்.

சக்கரத்தைக் கழற்றி நான்கு பேட்டையும் பாருங்கள். புது பேட்டில் மருந்து 10 எம்எம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல் இருக்கும், 3 எம்எம் வந்தாலே மாற்றிவிடுவதுதான் நல்லது. இரும்பு பிளேட்டைச் சேர்த்து அளக்காதீர்கள், நிறைய பேர் பிளேட்டோடு சேர்த்துப் பார்த்துவிட்டு "இன்னும் இருக்கிறது" என்று சொல்லிவிடுகிறார்கள்.

பின்னால் டிரம்மைக் கட்டாயம் திறக்க வேண்டும். பெடல் ஆழமாகப் போவதற்கு முதல் சந்தேகம் பின்பக்க ஷூ (டிரம்முக்குள் விரிந்து உரசிப் பிடிக்கிற பாகம்) தேய்ந்து அட்ஜஸ்ட்மென்ட் விட்டுப்போனதுதான்.

ராஜாஜிநகர் டிரைவர்:
பட்டறை அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லோருக்கும் வண்டியை நிறுத்தி வைக்கிற வசதி இல்லை. வாடகை வண்டியை ஒரு நாள் நிறுத்தினால் அன்றைய தவணைக் காசு போச்சு. முன் பேட்டை மாற்றிவிட்டு ஓட்டலாம், பிரேக்கில் பெரும்பங்கு முன்னால்தானே. பின்னால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

பீன்யா பட்டறை:
காருக்கு அது ஓரளவு பொருந்தும். காலி பிக்கப்புக்கும் பொருந்தும். தக்காளி கிரேட் அடுக்கி ஒன்றரை டன் ஏற்றிய பிக்கப்புக்குப் பொருந்தாது. லோடு முழுக்கப் பின் ஆக்ஸில் மேல் உட்கார்ந்திருக்கிறது, அப்போது பின் சக்கரம் நிறையவே பிடிக்க வேண்டும். பின்னால் பிடிக்காமல் போனால் எல்லா வேலையும் முன் பேட் தலையில் விழும். இந்த வண்டியில் முன் பேட் இவ்வளவு சீக்கிரம் தேய்ந்ததற்கே அது ஒரு காரணமாக இருக்கலாம். காரணத்தைப் பார்க்காமல் பேட் மட்டும் போட்டால் சில மாதத்தில் இதே இடத்துக்கு வந்து நிற்பார்.

ஜேசி ரோடு ஸ்பேர்ஸ்:
ஜேசி ரோட்டில் கவுன்டரில் நிற்கிறவன் என்ற முறையில் பொருள் வாங்குவது பற்றி ஒன்று சொல்கிறேன். பேட் கேட்கும்போது மாடல், வருடம், முடிந்தால் சேஸிஸ் நம்பர் கொண்டு வாருங்கள், பொலேரோ என்று மட்டும் சொன்னால் பயணிகள் வண்டியின் பேட்டை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். பழைய பேட்டையும் கையில் எடுத்து வந்தால் இன்னும் நல்லது, வைத்துப் பார்த்து வாங்கலாம்.

பேட் லைனிங் (அந்த மருந்துப் பகுதி) ஓரத்தில் அச்சடித்திருக்கும் எழுத்துக்களைப் பாருங்கள். கம்பெனி எண்களுக்குக் கடைசியில் இரண்டு ஆங்கில எழுத்து இருக்கும், எஃப்எஃப், ஜிஜி, எஃப்இ இப்படி. முதல் எழுத்து சூடில்லாதபோது பிடிப்பு எவ்வளவு என்பது, இரண்டாவது சூடேறிய பிறகு எவ்வளவு என்பது. இ என்றால் உராய்வுக் குணகம் 0.25 முதல் 0.35, எஃப் என்றால் 0.35 முதல் 0.45, ஜி என்றால் 0.45 முதல் 0.55. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடக் கீழே இருந்தால், சூடானதும் பிடிப்பு குறைகிற சரக்கு. லோடு வண்டிக்கு அதை நான் கொடுக்க மாட்டேன். எழுத்தே இல்லாத, அச்சு மழுங்கின, பெட்டியில் எழுத்துப்பிழை இருக்கிற சரக்கை விலை குறைவு என்று எடுக்காதீர்கள். கம்பெனி பேட்டோ, ரானே, டிவிஎஸ் கர்லிங் மாதிரி பெயருள்ளதோ, பில்லோடு வாங்குங்கள். நம் சென்னையில் பாடிப் பக்கம் பிரேக் தொழில் 1960-களிலிருந்தே இருக்கிறது, நல்ல சரக்குக்குப் பஞ்சமில்லை.

இன்னொன்று, பேட் வாங்கும்போதே காலிப்பர் பின்னுக்கான ரப்பர் பூட் கிட்டும், பேட் கிளிப்பும் சேர்த்து வாங்கிவிடுங்கள். அதை மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் மறுபடி மறுபடி என் கவுன்டருக்கு வருகிறார்கள்.

அத்திப்பள்ளி லோடு வண்டி:
பக்கத்து செட்டில் நிறுத்தி ஜாக்கி போட்டுப் பார்த்துவிட்டேன். பட்டறை அண்ணன் சொன்னது அப்படியே இருக்கிறது. இடது முன் சக்கரத்தில் வெளி பேட் பாதி இருக்கிறது, உள் பேட்டில் மருந்தே இல்லை, இரும்பு பளபளவென்று தெரிகிறது. டிஸ்க்கின் உள்பக்கம் விரல் வைத்தால் வரி வரியாகப் பள்ளம் தட்டுப்படுகிறது. காலிப்பரின் கீழ் பின்னைக் கையால் அசைக்கவே முடியவில்லை, ரப்பர் பூட் கிழிந்து உள்ளே செம்மண் நிறத்தில் துரு. வலது பக்கம் இரண்டு பேட்டும் ஒரே மாதிரி, கால்வாசி இருக்கும்.

பின்னால் திறந்ததுதான் அதிர்ச்சி. வலது டிரம்முக்குள் எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருக்கிறது, ஷூ எண்ணெயில் ஊறியிருக்கிறது. பிரேக் ஆயிலா, கியர் ஆயிலா என்று தெரியவில்லை. இடது பின் ஷூ காய்ந்துதான் இருக்கிறது, ஆனால் லைனிங் ரிவெட் தலைக்கு மிக அருகில் வந்துவிட்டது.

ராஜாஜிநகர் டிரைவர்:
எண்ணெய் பட்ட ஷூவைத் தூக்கிப் போடாதீர்கள், பெட்ரோல் ஊற்றிக் கழுவி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஓடும், எங்கள் ஸ்டாண்டில் எல்லோரும் அதுதான் செய்கிறார்கள்.

பீன்யா பட்டறை:
இதை மட்டும் யாரும் கேட்காதீர்கள், கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். லைனிங் நுண்ணிய துளை உள்ள பொருள், எண்ணெய் குடித்த மரப்பலகை மாதிரி உள்வரைக்கும் ஊறிவிடும். மேலே கழுவினால் மேலே இருப்பதுதான் போகும், நாலு தடவை அழுத்திப் பிடித்துச் சூடேறினதும் உள்ளே இருக்கிற எண்ணெய் மேலே வந்துவிடும். நெருப்பில் காட்டி எரிப்பவர்களும் உண்டு, அப்போது லைனிங்கைப் பிணைத்து வைத்திருக்கிற ரெசினும் சேர்ந்து கருகும், பிறகு பொடிப்பொடியாக உதிரும். எண்ணெய் பட்ட ஷூ இரண்டு பக்கமும் மாற்ற வேண்டியதுதான். ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று ஒரே ஆக்ஸிலில் போட்டால் லோடோடு பிடிக்கும்போது வண்டி பின்பக்கம் அலைபாயும்.

எந்த எண்ணெய் என்று கண்டுபிடிப்பது எளிது. வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் தொப்பி இருக்கும், அதன் உதட்டை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரமாக வழிந்தால் பிரேக் ஆயில், டப்பாவில் லெவலும் இறங்கியிருக்கும். அங்கே காய்ந்திருந்து, நடுவில் ஆக்ஸில் வருகிற இடத்திலிருந்து கீழ்நோக்கி வழிந்திருந்தால், முகர்ந்தால் கியர் ஆயிலின் அந்த அழுகின கந்தக வாசனை வந்தால், ஆக்ஸில் ஆயில் சீல் போயிருக்கிறது.

சீல் போனதற்கும் காரணம் தேடுங்கள். டிஃபரன்ஷியல் ஹவுசிங் மேலே ஒரு சின்ன பிரீதர் (காற்று வெளியேறுகிற துளை) இருக்கும். சேறு ஏறி அது அடைத்துக்கொண்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி எண்ணெய் சீலைத் தாண்டித் தள்ளப்படும். ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றியிருந்தாலும் இதே கதை. பிரீதரைச் சுத்தம் பண்ணாமல் புது சீல் போட்டால் அதுவும் கசியும். பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் சீல் நிற்காது.

பூ வண்டி அக்கா:
பிக்கப் வைத்திருக்கிற எல்லோரும் பார்க்க வேண்டிய ஒன்றை யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். ஓசூர் ரோஜா, சாமந்தி கே.ஆர். மார்க்கெட்டுக்கு ஏற்றுகிற வண்டி என்னுடையது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கும்போதே முந்தைய ஓனர் அதிக லோடுக்காகப் பின்னால் ஸ்பிரிங் கட்டில் கூடுதல் பிளேட் போட்டிருந்தார். முன் பேட் வேகமாகக் காலியாகும், பின் ஷூ தேயவே தேயாது. எல்லோரும் "நல்ல வண்டி அக்கா, ஷூ இன்னும் புதுசாகவே இருக்கிறது" என்பார்கள். ஓசூரில் வயசான ஒரு மெக்கானிக்தான் அடியில் படுத்துப் பார்த்து விஷயத்தைச் சொன்னார்.

பல பிக்கப்களில் சேஸிஸுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு வால்வு இருக்கும், அதிலிருந்து ஒரு கம்பியோ ஸ்பிரிங்கோ ஆக்ஸிலுக்குப் போகும். எல்எஸ்பிவி என்பார்கள். லோடு ஏறினால் வண்டி பின்னால் அமுங்கும், அந்தக் கம்பி அசையும், வால்வு பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். காலி வண்டியில் பின்பக்கம் தூக்கி நிற்கும், அப்போது சக்கரம் லாக் ஆகிச் சறுக்காமல் இருக்க அழுத்தத்தைக் குறைக்கும். கூடுதல் பிளேட் போட்டால் எவ்வளவு லோடு ஏற்றினாலும் பின்பக்கம் அமுங்காது. வால்வைப் பொறுத்தவரை வண்டி எப்போதும் காலி வண்டிதான். ஒன்றரை டன் சுமையோடு போகும்போதும் காலி வண்டிக்கான பின் பிரேக்தான் கிடைக்கும். என் வண்டியில் அந்தக் கம்பியும் துருப்பிடித்து அசையாமல் இருந்தது.

கூடுதல் பிளேட்டை எடுத்துவிட்டு, கம்பியை மாற்றி, கம்பெனி மேனுவல்படி அளவு வைத்த பிறகு வண்டி நிற்கிற விதமே மாறிவிட்டது. முன் பேட்டும் முன்பைவிட அதிக நாள் வருகிறது. அத்திப்பள்ளி தம்பி, உங்கள் வண்டியிலும் குனிந்து பாருங்கள். சிலர் அந்தக் கம்பியைக் கழற்றி ஒரு கட்டுக்கம்பியால் கட்டியே வைத்திருப்பார்கள்.

ஒயிட்ஃபீல்டு என்ஜினியர்:
அக்கா சொன்னது அத்தனையும் உண்மை. நான் பிரேக் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறவன், லோடு விஷயத்தைக் கணக்காகச் சொன்னால் சிலருக்கு உறைக்கும் என்று எழுதுகிறேன்.

பிரேக் செய்வது வண்டியின் வேகத்தைச் சூடாக மாற்றுவது. 3 டன் மொத்த எடை உள்ள வண்டி 40 கிமீ வேகத்திலிருந்து நிற்க ஏறக்குறைய 185 கிலோஜூல் சூடு உண்டாகும், 80-லிருந்து நிற்க ஏறக்குறைய 740. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. இதைவிட மோசம் மலை இறக்கம். அதே வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் 2,900 கிலோஜூலுக்கு மேல், அதாவது 80-லிருந்து நான்கு முறை நிறுத்துகிற அளவு சூடு, அதை பிரேக்கை மட்டும் மிதித்துக் கரைத்தால் டிரம் ஆறவே நேரம் கிடைக்காது. சேலம் போகிறவர்களுக்கு தொப்பூர் கணவாய் தெரியும், தர்மபுரியிலிருந்து இறங்கும்போது எத்தனை லாரி அங்கே பிரேக் பிடிக்காமல் மோதியிருக்கிறது என்று ஓட்டுநர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது உயிரோடு விளையாடுவது.

பிரேக் ஆயிலையும் மறக்காதீர்கள். அது காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 ரக ஆயில் குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது, டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிய பிறகு அதற்கான அளவு 140, 155 என்று இறங்கிவிடும். சூடேறிய காலிப்பரில் அது கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி தரைக்குப் போகும், ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. பேட் புதுசாக இருந்தாலும் வண்டி நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு முறை முழுக்க மாற்றிவிடுங்கள்.

கே.ஆர்.புரம் மினி லாரி:
ஒரு சந்தேகம் சார். என் வண்டியில் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் லைட் எரிந்தது, டப்பாவில் ஆயில் ஊற்றியதும் அணைந்துவிட்டது. அப்படி விட்டுவிடலாமா?

ஒயிட்ஃபீல்டு என்ஜினியர்:
விடாதீர்கள். பேட் தேயத் தேய பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து ஆயில் இறங்கும், அதனால்தான் லெவல் குறைந்து லைட் எரிகிறது. அல்லது எங்கோ கசிகிறது. இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றினால் வண்டி சொன்ன செய்தியை அழித்துவிட்டீர்கள். ஹேண்ட் பிரேக் முழுக்க இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள், பல வண்டிகளில் அதற்கும் அதே லைட்தான்.

பெடலைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பஞ்சு மாதிரி இருந்தால் காற்று புகுந்திருக்கிறது. மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழே இறங்கினால், வெளியே கசிவும் இல்லையென்றால் மாஸ்டர் சிலிண்டர். கல் மாதிரி இறுகியிருந்தால் மிதிக்கிற விசையைக் கூட்டித் தருகிற பூஸ்டரோ அதற்குப் போகிற வேக்குவம் ஹோஸோ. என்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், பிறகு மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள், கால் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது.

அத்திப்பள்ளி லோடு வண்டி:
கியர் ஆயில்தான், வாசனையே காட்டிக்கொடுத்துவிட்டது. பிரீதர் மேல் மண் கெட்டியாகப் படிந்திருந்தது. என் வண்டியில் கூடுதல் பிளேட் இல்லை, அக்கா சொன்ன கம்பி நன்றாகவே அசைகிறது. சீல் வேலையையும் பின் ஷூவையும் தெரிந்த பட்டறையில் கொடுத்துவிடுகிறேன். முன்னால் பேட், டிஸ்க், காலிப்பர் பின் கிட் வாங்கி நானே மாட்டலாமா? டூல் எல்லாம் இருக்கிறது.

பீன்யா பட்டறை:
இரும்பு சுரண்டின டிஸ்க்கை லேத்தில் கொடுப்பதற்கு முன் அதன் ஓரத்தில் அச்சடித்திருக்கும் குறைந்தபட்ச கனத்தைப் பாருங்கள். டர்னிங் போட்ட பிறகு அந்த அளவுக்குக் கீழே போகுமென்றால் மாற்றுவதுதான் வழி. டிரம்மில் அதே மாதிரி அதிகபட்ச விட்டம் எழுதியிருக்கும். டிஸ்க்கோ டிரம்மோ, இரண்டு பக்கமும் ஜோடியாகத்தான்.

முன் பேட் வேலையைப் பொறுமை உள்ளவர்கள் செய்யலாம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வையுங்கள். வீல் நட்டை வண்டி தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கியதும் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள், செங்கல்லை அடுக்கி அதன்மேல் நிறுத்துவது வேண்டவே வேண்டாம். தூசியை ஏர் பிடித்து ஊதக் கூடாது, அது நுரையீரலுக்குள் போனால் கெடுதல், பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள்.

காலிப்பரைக் கழற்றினதும் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் மேலே கட்டிவிடுங்கள். ஹோஸ் உள்ளே கிழிந்தால் வெளியே தெரியவே தெரியாது. பிஸ்டனை உள்ளே தள்ளுவதற்கு முன் டப்பா மூடியைத் திறந்து லெவலைப் பாருங்கள், யாராவது இடையில் ஆயில் ஊற்றியிருந்தால் பொங்கி வழிந்து பெயின்ட்டைத் தின்றுவிடும், முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பழைய பேட்டை வைத்து ஜி கிளாம்ப் போட்டு மெதுவாகத் தள்ளுங்கள். பிஸ்டன் இரண்டு இருக்கிற காலிப்பர் என்றால் இரண்டையும் சேர்த்தே அழுத்த வேண்டும், ஒன்றைத் தள்ளினால் மற்றது வெளியே வரும். பிஸ்டன் உள்ளே போக மறுத்தாலோ அதன் மேல் துரு இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிட்டுக் காலிப்பர் கிட் போடுங்கள்.

இறுகிப்போன பின்னை எடுத்து, அது உட்காருகிற துளையையும் சுத்தம் செய்து, துரு தின்றிருந்தால் புது பின் போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துவிடும். இரண்டு விரலால் தள்ளினால் பின் வழுக்கிக்கொண்டு போய்வர வேண்டும், அதுதான் அளவு. பேட் முகத்திலும் டிஸ்க்கிலும் கிரீஸ் விரல் படக்கூடாது. புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள், அதைக் கிளீனரால் துடைக்காமல் மாட்டிவிடாதீர்கள். போல்ட்டை மேனுவலில் இருக்கிற டார்க் (முறுக்கு) அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல முறை மிதித்துக் கெட்டியாக்குங்கள். பிஸ்டனைப் பின்னால் தள்ளியிருப்பதால் முதல் மிதிக்குப் பெடல் அப்படியே தரைக்குப் போகும். இதை மறந்துவிட்டு ரிவர்ஸ் எடுத்து சுவரில் மோதின வண்டியைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன்.

ஒயிட்ஃபீல்டு என்ஜினியர்:
அப்புறம் பேட் செட் ஆகவிடுங்கள். கூட்டமில்லாத ரோட்டில் 50, 60-லிருந்து 20 வரை மிதமாகப் பிடித்து, உடனே விட்டு, கொஞ்ச தூரம் காற்றில் ஆறவிட்டு, மறுபடி. எட்டுப் பத்து முறை போதும். சூடாக இருக்கும்போது முழுக்க நிறுத்திப் பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள், பேட் மருந்து அந்த இடத்தில் டிஸ்க்கில் ஒட்டி, பின்னால் அதிர்வு வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பொம்மசந்திரா இண்டஸ்ட்ரியல் ஏரியா உள்ரோடு இதற்குத் தோது.

ராஜாஜிநகர் டிரைவர்:
சரி அண்ணே, எண்ணெய் ஷூ விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன், ஸ்டாண்டிலும் சொல்கிறேன். ஆனால் எஃப்சி (தகுதிச் சான்று) வாங்கின வண்டிக்குக்கூட இவ்வளவு பார்க்க வேண்டுமா? போன மாதம்தான் பாஸ் ஆனது.

பீன்யா பட்டறை:
எட்டு வருடம் வரைக்கும் எஃப்சி இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு வருடா வருடம். லோடு வண்டியின் பேட் அதற்குள் ஒரு தடவைக்கு மேலேயே தேய்ந்து முடியும். எஃப்சி அன்றைக்கு வண்டி எப்படி இருந்தது என்பதற்குத்தான் சான்று. டயர் மாற்றிப் போடும்போதெல்லாம் பேட்டையும் பாருங்கள், சக்கரம் எப்படியும் கழன்றுதானே இருக்கிறது.

அத்திப்பள்ளி லோடு வண்டி:
வேலை முடிந்தது. பின்னால் சீல், பேரிங், இரண்டு பக்கமும் ஷூ, ஸ்பிரிங் கிட் பட்டறையில் போட்டார்கள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் மறுபக்கத்தைப் பிரித்தார்கள், ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் பார்த்துக்கொள்ளலாம் என்று. இடது டிரம் துரு பிடித்து வரவில்லை, அதில் இருந்த இரண்டு மரைத் துளையில் போல்ட்டை மாறி மாறி இறுக்கியதும் தானாகக் கழன்று வந்தது, சுத்தியலால் அடிக்கவே இல்லை. டிரம் லேசாக உரசுகிற அளவுக்கு ஷூவை அட்ஜஸ்ட் செய்து, பிறகு ஹேண்ட் பிரேக் கேபிளைப் பார்த்தார்கள். ஆயிலை முழுக்க மாற்றி ஏர் எடுத்தார்கள். இடது பின் சக்கரம் முதலில், பிறகு வலது பின், அப்புறம் இடது முன், கடைசியில் வலது முன். மாஸ்டர் சிலிண்டர் டிரைவர் பக்கம் இருப்பதால் தூரமான சக்கரத்திலிருந்து வர வேண்டுமாம். ஒருத்தர் மிதித்துப் பிடிக்க, இன்னொருத்தர் நிப்பிளைத் திறந்து மூடிய பிறகுதான் காலை எடுக்கச் சொன்னார்கள்.

முன்னால் டிஸ்க், பேட், காலிப்பர் பின் எல்லாம் நானே மாட்டினேன். பழைய டிஸ்க் குறைந்தபட்ச கனத்துக்குக் கீழே போயிருந்தது. பெடல் இப்போது மேலேயே கெட்டியாகப் பிடிக்கிறது, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக் அடித்தாலும் வண்டி நேராக நிற்கிறது. முழு லோடோடும் பார்த்துவிட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி, பூ வண்டி அக்காவுக்குத் தனியாக.

பூ வண்டி அக்கா:
நல்லது தம்பி. 50, 100 கிமீ ஓடின பிறகு வீல் நட்டை மறுபடி ஒரு தடவை குறுக்கு நெடுக்காக இறுக்கிவிடுங்கள். லோடு இறக்கி நின்றதும் நான்கு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றதைவிட அதிகமாகக் கொதித்தால் அங்கே ஏதோ விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அத்திப்பள்ளி லோடு வண்டி:
பார்க்கிறேன் அக்கா. பாதி பாட்டில் டாட் 4 மிச்சம் இருக்கிறது, அதை அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா?

ஜேசி ரோடு ஸ்பேர்ஸ்:
திறந்த பாட்டிலை வைக்காதீர்கள், மூடி போட்டிருந்தாலும் ஈரம் ஏறும். வேலை செய்த பட்டறையிலேயே கொடுத்துவிடுங்கள், அவர்கள் கழிவு ஆயிலோடு சேர்த்து அனுப்பிவிடுவார்கள். அடுத்த முறை சின்ன பாட்டிலாக, சீல் உடையாததாக வாங்குங்கள்.